டேப்லெட்டில் படம் பார்க்க மெமரி கார்டு, பென் டிரைவ், எஸ்எஸ்டி: முழுமையான வழிகாட்டி

64 ஜிபி என்று விற்கும் டேப்லெட்டில் சிஸ்டமும் கூடவே வரும் ஆப்களும் போக 40 ஜிபி சொச்சம்தான் பெரும்பாலும் மிஞ்சும். வாட்ஸ்அப், போட்டோ, பிள்ளைகளின் கேம் எல்லாம் ஏறிய பிறகு நான்கு படம் வைக்கக்கூட இடம் இருக்காது. வெளியே ஒரு மெமரி கார்டையோ பென் டிரைவையோ சொருகிப் படம் பார்ப்பது இதற்கு நல்ல வழி. ஆனால் சொருகிய டிரைவ் தெரியவில்லை, படம் திணறுகிறது, சத்தம் வரவில்லை என்றால் பலரும் ஸ்பீடு பற்றவில்லை என்று நினைத்து இன்னும் விலை கூடிய டிரைவை வாங்கிவிடுகிறார்கள். வேகம் காரணமாக இருப்பது மிக அபூர்வம். போர்ட், மின்சாரம், ஃபார்மட், கோடெக் (படத்தையும் சத்தத்தையும் சுருக்கிவைக்கும் முறை) ஆகிய நான்கில் ஏதோ ஒன்றில்தான் சிக்கல் இருக்கும். இதே வரிசையில் பார்த்துக்கொண்டு போனால் பெரும்பாலும் காசு செலவில்லாமலே சரியாகிவிடும்.

வேகம் ஏன் காரணம் இல்லை என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். ஒரு படத்தின் பிட்ரேட், அதாவது நொடிக்கு ஓடும் தரவின் அளவு, 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்; 8 மெகாபிட் சேர்ந்தால் 1 எம்பி) என்றால் அது ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி இடம் பிடிக்கும். 5 எம்பிபிஎஸ் உள்ள 1080பி படம் இரண்டரை மணி நேரம் ஓடினால் 5 × 450 × 2.5, அதாவது சுமார் 5.6 ஜிபி. அது ஓடும்போது டிரைவிலிருந்து நொடிக்கு 0.6 எம்பிதான் படிக்கப்படுகிறது. சாதாரண 1080பி ப்ளூரே தட்டில் உள்ள படத்தை அப்படியே எடுத்து வைத்தால்கூட வீடியோ 40 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டாது. நொடிக்கு 5 எம்பி. பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டே நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி வரை தரும். ஆகவே படம் பார்க்க எந்த நல்ல டிரைவும் போதும்.

வேகம் உதவுவது காப்பி செய்யும்போதுதான். மலிவான பென் டிரைவ் பலவற்றில் எழுதும் வேகம் நொடிக்கு 8 எம்பி அளவில்தான் நிற்கும். அதில் 50 ஜிபி படங்களை ஏற்ற ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். நொடிக்கு 100 எம்பி எழுதும் டிரைவில் அதே வேலை ஒன்பது நிமிடத்துக்குள் முடியும். ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் படம் ஏற்றுவது என்றால் இதற்குக் கொஞ்சம் காசு கொடுக்கலாம்.

எதை வாங்குவது

டேப்லெட்டில் மைக்ரோ எஸ்டி ஸ்லாட் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மெமரி கார்டுதான். உள்ளேயே உட்கார்ந்திருக்கும், பேட்டரியை மிகக் குறைவாக இழுக்கும், சார்ஜ் போர்ட்டையும் அடைக்காது. சாம்சங் கேலக்ஸி டேப் ஏ வரிசையில் ஸ்லாட் உண்டு. ஷாவ்மி பேட் 6, ஒன்பிளஸ் பேட் ஆகியவற்றில் கிடையாது. ஐபேடில் எந்த மாடலிலும் கிடையாது. ஸ்பெக் பட்டியலில் எவ்வளவு ஜிபி வரை ஏற்கும் என்பதையும் பாருங்கள். பழைய டேப்லெட்கள் சில 128 ஜிபி-யோடு நின்றுவிடும்.

கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் குறிகளில் நமக்கு வேண்டியவை கொஞ்சம்தான். வட்டத்துக்குள் 10 என்று இருந்தால் குறைந்தபட்சம் நொடிக்கு 10 எம்பி எழுதும். யு3 அல்லது வி30 என்றால் 30 எம்பி. ஏ1, ஏ2 எல்லாம் கார்டிலிருந்து ஆப்களை ஓட்டுபவர்களுக்கான குறிகள், படத்துக்குச் சம்பந்தம் இல்லை. 128 ஜிபி வி30 கார்டு பெரும்பாலான குடும்பங்களுக்குத் தாராளம். சொருகிய பிறகு 119 ஜிபி என்று காட்டினால் பதறவேண்டாம். கம்பெனி ஆயிரத்தின் பெருக்கில் எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024-இன் பெருக்கில் எண்ணுகிறது. அந்த வித்தியாசம்தான் அது.

ஸ்லாட் இல்லை என்றால் யுஎஸ்பி வழிதான். இங்கே பென் டிரைவ், எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் என்று மூன்று உண்டு. பத்து இருபது படங்களுக்கு, ஒரு முனை டைப் சி-யும் மறுமுனை சாதாரண யுஎஸ்பி-யும் உள்ள இரட்டை முனை பென் டிரைவ் வசதி: கம்ப்யூட்டரில் ஏற்றி அப்படியே டேப்லெட்டில் சொருகலாம், அடாப்டர் தேடவேண்டாம். 500 ஜிபி-க்கு மேல் தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் போர்ட்டபிள் எஸ்எஸ்டி. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்கையும் பயன்படுத்தலாம், ஆனால் டேப்லெட்டுக்கென்று புதிதாக ஒன்றை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உள்ளே தட்டு சுழல்கிறது; மடியில் வைத்து ஆடியபடி படம் பார்க்கும் பொருளோடு அதைக் கட்டிவைப்பது நல்லதல்ல. மின்சாரமும் அதிகம் கேட்கும்.

1 டிபி, 2 டிபி பென் டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்காதீர்கள். உள்ளே 32 ஜிபி சிப்பை வைத்து, கண்ட்ரோலரை மட்டும் 1 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். முதலில் ஏற்றும் சில படங்கள் நன்றாகவே ஓடும். 32 ஜிபி தாண்டியதும் பெயரும் அளவும் மட்டும் சரியாகத் தெரியும், தொட்டால் ஓடாது. சில நேரம் முன்பு ஏற்றியதையும் சேர்த்து அழித்திருக்கும். எந்த டிரைவ் வாங்கினாலும் முதல் நாளே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்துவிடுங்கள். 128 ஜிபி-க்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்ளும் காலம் முடிவதற்குள் செய்தால்தான் பயன்.

முதல் சோதனை: போர்ட்

டேப்லெட்டின் யுஎஸ்பி போர்ட் சார்ஜ் ஏற மட்டும் இல்லாமல் வெளிப்பொருளை இயக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இதைத்தான் ஓடிஜி என்கிறோம். இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, ஓடிஜி அடாப்டரில் ஒரு சாதாரண யுஎஸ்பி மவுஸைச் சொருகுவது. திரையில் அம்புக்குறி வந்தால் போர்ட் சரி, அடாப்டரும் சரி. இனி டிரைவ் தெரியவில்லை என்றால் காரணம் மின்சாரமோ ஃபார்மட்டோதான். புது டேப்லெட் வாங்கும்போது கடையிலேயே இதைச் செய்து பார்த்துவிடலாம்.

அம்புக்குறி வரவில்லையா? ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி கருவிகள் பலவற்றில் ஓடிஜி வசதி அணைந்தே இருக்கும். செட்டிங்ஸைத் திறந்து, தேடும் கட்டத்தில் ஓடிஜி என்று ஆங்கிலத்தில் அடித்தால் சுவிட்ச் கிடைக்கும். கொஞ்ச நேரம் எதுவும் இணைக்காமல் விட்டால் அது தானாக மறுபடி அணைந்துவிடும். நேற்று வேலை செய்த பென் டிரைவ் இன்று தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம். பழைய மைக்ரோ யுஎஸ்பி போர்ட் என்றால் சாதாரண கேபிளும் மாற்றுமுனையும் சேர்த்துப் பயன் இல்லை. ஓடிஜி கேபிளின் முனைக்குள் ஐடி பின் தரையோடு இணைக்கப்பட்டிருக்கும். அதை வைத்துத்தான் வெளிப்பொருளை நாம் இயக்கவேண்டும் என்று டேப்லெட் புரிந்துகொள்கிறது. ஓடிஜி என்று கேட்டே வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீட்டமான பென் டிரைவை நேராக டேப்லெட்டில் சொருகிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கும்போது, தலையணையில் ஒரு இடி பட்டால் போதும், போர்ட் ஆடத் தொடங்கிவிடும். அதே போர்ட்டில்தான் சார்ஜும் ஏறவேண்டும். 10 முதல் 15 செ.மீ. நீளமுள்ள, வளையக்கூடிய ஓடிஜி கேபிளை வாங்கி அதன் மறுமுனையில் பென் டிரைவைத் தொங்கவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இது கட்டாயம்.

இரண்டாவது: மின்சாரம்

யுஎஸ்பி 2.0 தரப்படி ஒரு போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரவேண்டும், யுஎஸ்பி 3.0 தரப்படி 900. பென் டிரைவுக்கு இது போதும். 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்கோ, தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் கிட்டத்தட்ட 1 ஆம்பியர் கேட்கும். டேப்லெட்டால் அதைத் தர முடியாவிட்டால் விளக்கு எரியும், உள்ளே க்ளிக், க்ளிக் என்று சீரான இடைவெளியில் சத்தம் வரும், திரையில் ஒன்றும் தெரியாது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். பாதி மின்சாரத்தில் திரும்பத் திரும்பச் சுழலப் பார்ப்பது டிஸ்க்குக்குக் கேடு. ஐபேடில் இந்தச் சத்தம் வரை போகாமல், இந்தக் கருவி அதிக மின்சாரம் கேட்கிறது என்ற செய்தியே வந்துவிடும்.

இதற்குத் தீர்வு பவர் டெலிவரி நுழைவு உள்ள டைப் சி ஹப். அதன் ஒரு துளையில் சார்ஜர், இன்னொன்றில் டிரைவ், வால் டேப்லெட்டுக்கு. இணைக்கும் வரிசை முக்கியம்:

1. முதலில் சார்ஜரை ஹப்பில் சொருகவும்.
2. பிறகு ஹப்பை டேப்லெட்டில் சொருகி, சார்ஜ் ஏறும் குறி வருகிறதா என்று பார்க்கவும்.
3. கடைசியாக டிரைவைச் சொருகவும்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதோ காப்பி ஆகும்போதோ சார்ஜரை ஹப்பிலிருந்து பிடுங்காதீர்கள், புதிதாகச் சொருகவும் செய்யாதீர்கள். மின்சாரம் யார் தருவது என்று டேப்லெட்டும் ஹப்பும் மறுபடி பேசி முடிவு செய்யும் அந்தக் கணத்தில் டிரைவ் அறுந்து மீண்டும் இணையும். படம் என்றால் நின்றுவிடும், அவ்வளவுதான். காப்பி என்றால் கோப்பே கெட்டுப்போகும். கரண்ட் அடிக்கடி போய்வரும் இடங்களில் இதே நடக்கும் என்பதால், பெரிய காப்பி வேலையை முழு சார்ஜ் ஏற்றிய பிறகு சார்ஜர் இல்லாமல் செய்வதே மேல். சில மலிவு டேப்லெட்கள் ஓடிஜியையும் சார்ஜையும் ஒரே சமயத்தில் செய்யவே தெரியாதவை. அவற்றுக்கு எந்த ஹப்பும் உதவாது.

போர்ட் ஒன்றுதான், ஹெட்போன் துளையும் இல்லை என்றால் ப்ளூடூத் ஹெட்போன் கைகொடுக்கும். உதட்டசைவுக்குச் சத்தம் சற்றுப் பின்தங்கி வந்தால் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் ஆப்பில் படம் ஓடும்போதே ஆடியோ டிலே என்ற இடத்தில் 50 மில்லி செகண்ட் படிகளாக மாற்றிச் சரிசெய்யலாம்.

மூன்றாவது: ஃபார்மட்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். டிரைவில் கோப்புகள் எந்த முறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதே ஃபார்மட்.

ஃபேட்32-ஐ எல்லாக் கருவியும் படிக்கும். ஆனால் ஒரே கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டக்கூடாது. டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தும், கோப்பு பெரிது என்று கம்ப்யூட்டர் மறுத்தால் காரணம் இதுதான். விண்டோஸில் ஃபார்மட் செய்த போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ்-இல் இருக்கும். அதைச் சில டேப்லெட்கள் படிக்கும், பல படிக்காது. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் பட்டியலில் அது இல்லை. எக்ஸ்ஃபேட்தான் நமக்கு வேண்டியது: 4 ஜிபி வரம்பு இல்லை, விண்டோஸ், மேக், ஐபேட், இப்போதைய ஆண்ட்ராய்டு எல்லாம் படிக்கும், எழுதும். பழைய மலிவு டேப்லெட்களில் மட்டும் இது தெரியாமல் போகலாம். மைக்ரோசாஃப்ட் இதன் விவரக்குறிப்பை 2019-இல்தான் வெளியிட்டது. ஆண்ட்ராய்டுக்கு அடிப்படையான லினக்ஸ் கெர்னலில் 5.4 பதிப்பிலிருந்துதான் இடம் கிடைத்தது. அதற்கு முன் செலவு பார்த்த கம்பெனிகள் இதைச் சேர்க்காமலே விற்றன.

விண்டோஸில் மாற்றும் முறை:

1. டிரைவில் உள்ளதை எல்லாம் வேறு இடத்தில் காப்பி செய்து வையுங்கள். ஃபார்மட் செய்தால் அனைத்தும் அழியும்.
2. திஸ் பிசி-யைத் திறந்து டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஃபார்மட்டைத் தேர்வு செய்யுங்கள். டிரைவ் எழுத்தை இரண்டு முறை சரிபாருங்கள்.
3. ஃபைல் சிஸ்டத்தில் எக்ஸ்ஃபேட், அலகு அளவில் டிஃபால்ட், க்விக் ஃபார்மட்டில் டிக்.
4. வால்யூம் லேபிளில் சின்னதாக ஒரு பெயர் கொடுங்கள். டேப்லெட்டில் அந்தப் பெயரில்தான் தெரியும்.

மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டியில் இதே வேலை. அங்கே ஸ்கீம் என்று கேட்கும் இடத்தில், பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு என்றால் மாஸ்டர் பூட் ரெக்கார்டைத் தேர்வு செய்யுங்கள். ஜியுஐடி முறையில் பிரித்த டிரைவைப் பழைய ஆண்ட்ராய்டுகள் சில கண்டுகொள்வதில்லை. மேக்கிலிருந்து காப்பி செய்தவர்களுக்கு இன்னொரு சங்கடம் வரும். டேப்லெட்டில் ஒவ்வொரு படமும் இரண்டிரண்டாகத் தெரியும். ஒன்றின் பெயருக்கு முன்னால் புள்ளியும் கீழ்க்கோடும் இருக்கும், அளவு சில கேபி மட்டுமே, தொட்டால் ஓடாது. அது மேக் தன் தேவைக்காக எழுதிவைத்த துணைக்கோப்பு. படம் கெடவில்லை, பக்கத்தில் உள்ள பெரிய கோப்பைத் தொடுங்கள்.

மெமரி கார்டை ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலேயே ஃபார்மட் செய்வது நல்ல பழக்கம். தனக்கு எக்ஸ்ஃபேட் தெரிந்தால் அதில் செய்யும், தெரியாவிட்டால் ஃபேட்32-இல் செய்துகொள்ளும். விண்டோஸின் ஃபார்மட் பெட்டி 32 ஜிபி-க்கு மேல் ஃபேட்32-ஐக் காட்டாமல் போவதால் ஏற்படும் சிக்கலும் இதனால் தீரும்.

கார்டை முதன்முதல் சொருகும்போது சில டேப்லெட்கள் ஒரு கேள்வி கேட்கும்: போர்ட்டபிள் ஸ்டோரேஜா, இன்டர்னல் ஸ்டோரேஜா? போர்ட்டபிளையே தேர்வு செய்யுங்கள். இன்டர்னல் என்று சொல்லிவிட்டால் ஆண்ட்ராய்டு கார்டை அழித்து, என்கிரிப்ட் செய்து தன் உடைமையாக்கிக்கொள்ளும். 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்த வசதி இது. பிறகு அந்தக் கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் படம் ஏற்ற முடியாது. டேப்லெட் பழுதானால் கார்டில் உள்ளதும் அதோடு போகும்.

பழைய டேப்லெட், ஃபேட்32-ஐத் தவிர வேறு தெரியாது, படமோ 6 ஜிபி என்றால் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் 3.5 ஜிபி அளவில் இரண்டாக வெட்டிக்கொள்ளலாம். தரம் குறையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். இடைவேளை வரும் இடத்தின் நேரத்தைக் கொடுத்தும் வெட்டலாம். இரு பாதியும் 4 ஜிபி-க்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் ஓட்டுவது

டிரைவைச் சொருகியதும் மேலே அறிவிப்பு வரும். டிரைவில் கோளாறு, செட்டப் செய்யவும் என்ற பொருளில் வந்தால் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அடுத்த பொத்தான் ஃபார்மட்டாக இருக்கும். கழற்றி, கம்ப்யூட்டரில் ஃபார்மட் வகையைப் பார்த்துவிட்டு வாருங்கள். சரியாக இணைந்திருந்தால் மை ஃபைல்ஸ் அல்லது ஃபைல்ஸ் ஆப்பில் டிரைவின் பெயர் தெரியும்.

1. பிளே ஸ்டோரிலிருந்து விஎல்சி-யை நிறுவுங்கள். இலவசம், விளம்பரம் கிடையாது.
2. முதல் முறை திறக்கும்போது எல்லாக் கோப்புகளையும் பார்க்க அனுமதி கேட்கும். கொடுக்காவிட்டால் டிரைவ் விஎல்சி-க்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு 11 முதல் இந்த அனுமதி கறாராகிவிட்டது. கோப்பு மேலாளரில் தெரிகிறது, பிளேயரில் தெரியவில்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.
3. வீடியோ பக்கத்தில் தேடவேண்டாம். பிரவுஸ் பக்கத்துக்குப் போய் ஸ்டோரேஜ் பட்டியலில் டிரைவைத் தொடுங்கள். ஃபோல்டரைத் தேர்வு செய்யச் சொல்லி ஒரு திரை வந்தால் டிரைவின் வேர் இடத்தையே காட்டி அனுமதியுங்கள்.
4. படத்தை அங்கிருந்தே ஓட்டுங்கள். உள்ளே காப்பி செய்யத் தேவையில்லை.

பார்த்து முடித்ததும் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்கோ அறிவிப்புக்கோ போய் எஜெக்ட் கொடுத்துவிட்டே கழற்றுங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. எழுதும்போது பாதியில் பிடுங்கினால் எங்கே விட்டோம் என்று திரும்பிப் பார்க்க அதனிடம் குறிப்பு இருக்காது. அடுத்த முறை கார்டு பழுது என்று வரும்.

ஐபேடில்

2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் ஆப் வெளி டிரைவைக் காட்டும். டைப் சி போர்ட் உள்ள ஐபேடில் நேராகச் சொருகலாம். லைட்னிங் போர்ட் உள்ள பழையவற்றுக்கு ஆப்பிளின் லைட்னிங் டு யுஎஸ்பி 3 கேமரா அடாப்டர் தேவை. அதன் பக்கவாட்டுத் துளையில் சார்ஜரையும் சொருகினால்தான் பல டிரைவ்கள் விழித்துக்கொள்ளும். டிரைவைப் பல பகுதிகளாகப் பிரிக்காமல் ஒரே ஒரு பார்ட்டிஷனாக வைத்திருங்கள்.

ஃபைல்ஸில் எம்பி4 படத்தைத் தொட்டால் ஓடும். எம்கேவி ஓடாது. அதற்கு விஎல்சி அல்லது இன்ஃப்யூஸ் பிளேயர் வேண்டும். ஷேர் பொத்தான் வழியாக அனுப்பினால் சில நேரம் படம் முழுவதும் ஐபேடுக்குள் நகலாகிவிடும்; இடத்தை மிச்சப்படுத்தவே டிரைவைச் சொருகினோம் என்பதால் இதைக் கவனியுங்கள். ஆப்பைத் திறந்து, அதற்குள்ளிருந்தே டிரைவைத் தேர்வு செய்வது சரியான வழி. ஐபேடில் எஜெக்ட் பொத்தான் இல்லை. காப்பி எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

நான்காவது: கோடெக்

டிரைவ் தெரிகிறது, படம் திறக்கிறது, ஆனால் சரியாக ஓடவில்லை. இங்கே அறிகுறியை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

சத்தம் சரியாக வந்து, காட்சி மட்டும் விட்டுவிட்டு நகர்ந்தால் டேப்லெட்டின் சிப்பால் அந்த வீடியோவை ஹார்டுவேரில் விரிக்க முடியவில்லை என்று பொருள். 10 பிட் எச்.265, ஏவி1 ஆகிய புதிய கோடெக்குகளில் உள்ள படங்கள் பழைய டேப்லெட்களில் இப்படித்தான் திணறும். ஐபேடில்கூட ஏவி1-க்கான ஹார்டுவேர் வசதி 2024-இல் எம்4 சிப்போடுதான் வந்தது. முதலில் விஎல்சி செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை முழுவதுமாக ஆன் செய்து பாருங்கள். பலிக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரில் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஃபாஸ்ட் 1080பி30 என்ற தயார் அமைப்பைத் தேர்ந்து எம்பி4 ஆக மாற்றிவிடுங்கள். பத்து ஆண்டு பழைய டேப்லெட்டிலும் பெரும்பாலும் ஓடிவிடும். பத்து இன்ச் திரைக்கு 4கே படம் தேவையே இல்லை. இடமும் பேட்டரியும் வீண்.

படம் ஓடுகிறது, சத்தமே இல்லை என்றால் ஆடியோ டிடிஎஸ், ஏசி3 அல்லது இஏசி3 வகையாக இருக்கும். எம்எக்ஸ் பிளேயர் உரிமக் காரணத்தால் இவற்றை நீக்கிவிட்டது. விஎல்சி-யில் ஓட்டினால் சத்தம் வந்துவிடும். வேறு மொழியில் பேசுகிறது என்றால் அது கோளாறே அல்ல: தமிழ், தெலுங்கு, இந்தி என்று பல ஆடியோ தடங்கள் ஒரே எம்கேவி-க்குள் இருக்கும். படம் ஓடும்போது ஆடியோ குறியைத் தொட்டுத் தமிழைத் தேர்வு செய்யுங்கள்.

முகங்கள் பச்சையாகவும் ஊதாவாகவும் தெரிந்தால் டேப்லெட்டின் திரை கெட்டுவிடவில்லை. அது டால்பி விஷன் 5-ஆம் ப்ரொஃபைல் படம்; அதன் நிறக்கணக்கே வேறு, சாதாரண பிளேயருக்குப் புரியாது. அதே படத்தின் எஸ்டிஆர் பிரதியை, அதாவது சாதாரண நிறமுறையில் உள்ளதைத்தான் தேடவேண்டும்.

தமிழ் சப்டைட்டில்

சப்டைட்டில் உள்ள எஸ்ஆர்டி கோப்பைப் படம் இருக்கும் அதே ஃபோல்டரில், படத்தின் அதே பெயரில் வையுங்கள். விஎல்சி தானாக எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்து சரியாக வராவிட்டால் திரையில் என்ன தெரிகிறது என்று உற்றுப் பாருங்கள்.

தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்தும், வட்டத்துக்குள் உள்ள ஆர் குறியும் திரும்பத் திரும்ப வந்தால் கோப்பு நல்ல கோப்புதான். யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறிமுறையில் இருப்பதைப் பிளேயர் மேற்கத்திய எழுத்தாக எடுத்துப் படிக்கிறது. விஎல்சி செட்டிங்ஸில் சப்டைட்டில் பகுதியில் எழுத்துக் குறிமுறையை யுடிஎஃப்-8 ஆக்கினால் தமிழ் வந்துவிடும். வெறும் கேள்விக்குறிகளாகவே இருந்தால் யாரோ நோட்பேடில், தமிழ் எழுத்துக்கு இடமில்லாத ஆன்சி முறையில் சேமித்திருக்கிறார்கள். எழுத்து அப்போதே அழிந்துவிட்டது, மீட்க முடியாது, வேறு கோப்புதான். வெறும் கட்டங்கள் என்றால் பிளேயரிடம் தமிழ் எழுத்துரு இல்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், புள்ளி வட்டத்தோடு நின்றால் எழுத்துரு இருந்தும் பிளேயருக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை; பிளேயரை அப்டேட் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். தமிழ் எழுத்துக்குப் பதில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக இருந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்தது. இணையத்தில் உள்ள இலவச மாற்றியில் ஒட்டி யூனிகோடாக மாற்றி, யுடிஎஃப்-8-இல் சேமித்தால் சரி.

வசனம் தொடக்கத்தில் பொருந்திப் போகப்போக விலகினால், டிலே மாற்றிப் பயன் இல்லை. படம் நொடிக்கு 23.976 ஃபிரேம், சப்டைட்டில் 25 ஃபிரேம் பிரதிக்கு எழுதியது என்றால் இரண்டரை மணி நேர முடிவில் ஆறு நிமிட வித்தியாசம் வரும். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை 25-லிருந்து 23.976-க்கு மாற்றி மறுபடி சேமியுங்கள்.

ஓடிடி ஆப்களில் இறக்கிய படங்கள்

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ இரண்டும் ஆண்ட்ராய்டில் மெமரி கார்டுக்கு இறக்க அனுமதிக்கின்றன. ஆப்பின் செட்டிங்ஸில் டவுன்லோட் இடத்தை எஸ்டி கார்டு என்று மாற்றவேண்டும். ஐபேடில் வெளி டிரைவுக்கு இறக்க வழி இல்லை. கார்டில் இறங்கும் கோப்பு பூட்டிய கோப்பு; அந்த ஆப், அந்தக் கருவி, அந்தக் கணக்கு மூன்றும் சேர்ந்தால்தான் ஓடும். கார்டைக் கழற்றி இன்னொரு டேப்லெட்டில் போட்டால் ஓடாது. சில படங்கள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகும் என்பதால், இரண்டு நாள் ரயில் பயணத்துக்கு முதல் படத்தைக் கிளம்பும் முன்பே தொட்டுப் பார்த்துவிடாதீர்கள்.

கார்டு பழுது என்று வந்தால்

ஃபார்மட் கொடுக்காதீர்கள். கார்டைக் கழற்றி ரீடர் வழியாக விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். அங்கே கோப்புகள் தெரிந்தால் முதல் வேலை அவற்றைக் காப்பி எடுப்பது. அதன் பிறகு டிரைவின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போய்ச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாதியில் பிடுங்கியதால் வந்த கோளாறு என்றால் இதிலேயே தீர்ந்துவிடும். சரிசெய்த பிறகும் ஒரு மாதத்துக்குள் மறுபடி வந்தால், எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டிப் பாருங்கள். பிழை காட்டினால் அந்தக் கார்டில் இனி எதையும் வைக்கவேண்டாம். காப்பி முடிந்தது என்று காட்டும், ஆனால் எதையும் அழிக்கவும் முடியாது, புதிதாக எழுதியதும் அடுத்த முறை இருக்காது என்றால், கார்டு தேய்ந்து படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டது. உள்ளே இருப்பதை அன்றே எடுத்துவிட்டு, வாரண்டி இருக்கிறதா என்று பில்லைத் தேடுங்கள்.